வீட்டு ஃபில்டரிலேயே கோல்ட் டிரிப் காபி: தூளும் தண்ணீரும் சொட்டும்

கேள்வி நங்கநல்லூரிலிருந்து வந்திருக்கிறது. சுருக்கம் இதுதான்: கஃபேயில் குடித்த கோல்ட் டிரிப் காபி பிடித்துப்போய், வீட்டு ஸ்டீல் ஃபில்டரில் வழக்கமான எண்பது-இருபது தூளைப் (எண்பது பங்கு காபி, இருபது பங்கு சிக்கரி) போட்டு ஐஸ் தண்ணீரை ஊற்றிப் பார்த்திருக்கிறார். இரண்டு மணி நேரமாகியும் சரியாக இறங்கவில்லை. இறங்கிய கொஞ்சமும் கறுப்பாக, கொழகொழப்பாக, கசப்பாக இருந்ததாம். கண்ணாடிக் கோபுரம் மாதிரி நிற்கும் அந்தக் கருவியை வாங்கித்தான் ஆக வேண்டுமா, பால் சேர்க்கலாமா, வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்கலாமா, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிறார்.

கருவி வாங்க வேண்டாம். குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம். நம் ஊர் ஃபில்டரே பாதி கோல்ட் டிரிப் கருவிதான்: ஓட்டை போட்ட மேல் பாத்திரம், தூளுக்கு மேல் உட்காரும் ஓட்டைத் தட்டு, கீழே சேகரிக்கும் பாத்திரம். இல்லாதது ஒன்றே ஒன்று, மேலிருந்து ஒரே வேகத்தில் சொட்டும் தண்ணீர். அதைக் கொஞ்சம் பணத்தில் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் அந்தத் தூளை மாற்ற வேண்டும், ஏனென்றால் உங்கள் ஃபில்டரை அடைத்தது சிக்கரி.

சிக்கரிக் கிழங்கில் இனுலின் என்ற மாவுப்பொருள் ஏராளம். வறுத்து அரைத்த பிறகும் சிக்கரித்தூள் தண்ணீரை உறிஞ்சி உப்பி, பசைத்தன்மை கொடுக்கும். சூடான தண்ணீரில் டிகாஷன் இறக்கும்போது இந்தக் குணம்தான் நமக்கு வேண்டியது; டிகாஷனுக்குத் திட்பம் வருவது அதனால்தான். குளிர்ந்த தண்ணீரில் இதே குணம் வில்லங்கம். தூளுக்கு நடுவே இருக்கும் சந்துகள் எல்லாம் மூடிக்கொள்கின்றன.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிக்கரித்தூளின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீரில் கரைந்துவிடும், குளிர்ந்த தண்ணீர் என்றாலும் அது தயங்குவதில்லை. காபித்தூளில் கரையக்கூடிய பகுதியே சுமார் 30 சதவீதம்தான். குளிர்ந்த நீரில் தூளின் எடையில் 20 சதவீதம் வந்தாலே நல்ல அறுவடை. ஆக, 100 கிராம் எண்பது-இருபது தூளில் 80 கிராம் காபியிலிருந்து 16 கிராம் வருகிறது, 20 கிராம் சிக்கரியிலிருந்து 11 கிராமாவது வருகிறது. பாக்கெட்டில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த சிக்கரி, டம்ளரில் ஐந்தில் இரண்டு பங்காகிவிடுகிறது. நீங்கள் குடித்த கசப்பு பெரும்பாலும் அதுதான். சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். எனவே வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள். கோல்ட் டிரிப்புக்கு சிக்கரி பூஜ்யம், தொண்ணூறு-பத்தும் வேண்டாம்.

சரி, கோல்ட் டிரிப் என்றால் என்ன? குளிர்ந்த காபி என்ற பெயரில் மூன்று வேறு வேறு சமாச்சாரங்கள் உலவுகின்றன. சூடாக இறக்கி ஐஸ் மேல் ஊற்றுவது ஒன்று. தூளைக் குளிர்ந்த தண்ணீரில் 12 முதல் 18 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுவது இன்னொன்று, அதுதான் கோல்ட் புரூ. மூன்றாவதுதான் உங்களுக்குப் பிடித்தது: ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு சொட்டாகத் தூள்மேல் விழவைத்து, அது தானாக ஊறி இறங்கும்படி விடுவது. கியோட்டோ பாணி என்றும் டச்சு காபி என்றும் இதைச் சொல்வார்கள்.

ஊறவைக்கும் முறையில் தூளைச் சுற்றியுள்ள தண்ணீர் போகப் போக அடர்த்தியாகிக்கொண்டே வரும். அடர்த்தி கூடக் கூட, தூளிலிருந்து மேற்கொண்டு கரைவது மந்தமாகும். சொட்டு முறையில் தூளைத் தொடுவது எப்போதும் புதுத் தண்ணீர். அதனால் நான்கைந்து மணி நேரத்திலேயே வேலை முடிகிறது, மண்டியும் குறைவு, சுவை தெளிவாக இருக்கிறது. வெந்நீரில் ஆவியோடு போய்விடும் வாசனைகளில் ஒரு பகுதி இதில் தங்கிவிடுகிறது. பதிலுக்கு நாம் இழப்பது டிகாஷனின் கனம். அந்தக் கனத்தைத் தேடுபவர்களுக்கு இது சாயத் தண்ணீர்போலத்தான் தோன்றும். அவர்களோடு வாதம் செய்து பயனில்லை, நானும் செய்வதில்லை.

தூள் விஷயத்துக்கு வருவோம். சென்னையில் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை இல்லாத பேட்டை குறைவு. மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் வாசனையை வைத்தே கடையைக் கண்டுபிடிக்கலாம். அங்கே போய் "பிளாண்டேஷன் ஏ, சிக்கரி வேண்டாம், கொரகொரப்பா அரைச்சுக் குடுங்க" என்று கேளுங்கள். பிளாண்டேஷன் என்றால் பழச்சதையை நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகா வகைக் கொட்டை; ஏ என்பது கொட்டையின் அளவைச் சொல்லும் தரம். பழத்தோடு அப்படியே காயவைத்தால் அதற்குப் பெயர் செர்ரி. கடைக்காரர் பீபெரி வாங்கச் சொல்வார். பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதிலாக ஒரே உருண்டைப் பருப்பாக விளைவதுதான் பீபெரி. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும், அவ்வளவுதான். சொட்டுக் காபியில் விலை வித்தியாசத்துக்கு ஏற்ற சுவை வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை.

ரோபஸ்டா என்ற இன்னொரு வகைக் கொட்டை கலந்ததை ஆரம்பத்தில் தவிர்க்கலாம். நுரையும் அடர்த்தியும் வேண்டிய இடத்தில் அது அருமையான கொட்டை; இந்த மெலிந்த பானத்தில் அதன் மரவாடை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சேர்வராயன் மலை, பழனி மலை, நீலகிரி, ஆனைமலை என்று நம் மாநிலத்திலேயே அராபிகா விளைகிறது. ஏற்காடு அல்லது தாண்டிக்குடிப் பக்கத்துத் தோட்டத்துக் கொட்டை நடுத்தர வறுவலில் கிடைத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். மிகக் கருக வறுத்தது வேண்டாம், சாம்பல் வாடை வரும். மிக லேசாக வறுத்ததும் எனக்கு உவப்பில்லை. அதிலிருக்கும் பழப்புளிப்பைக் குளிர்ந்த தண்ணீர் அரைகுறையாகத்தான் எடுக்கிறது.

அரைப்பதில் இரண்டு எச்சரிக்கை. கடையில் ஃபில்டருக்கு என்று சொன்னால் பொடியாக அரைத்துவிடுவார்கள், நமக்கு ரவை பதம் போதும். அடுத்தது, அதே இயந்திரத்தில் சிக்கரி கலந்த தூள்தான் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். முதலில் விழும் ஒரு கை அளவு முந்தைய வாடிக்கையாளருடையது, அதை ஒதுக்கச் சொல்லுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் போனால் முகம் சுளிக்காமல் செய்வார்கள். கொட்டையாக வாங்கி வீட்டில் கையால் சுற்றும் கிரைண்டரில் அரைப்பது இன்னும் நல்லது. மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவும் பாதி நொய்யுமாக வரும். வேறு வழியில்லை என்றால் விட்டு விட்டு ஓட்டி, மெல்லிய சல்லடையில் சலித்து மாவை நீக்கிவிடுங்கள். நீக்கிய மாவைக் காலை டிகாஷனில் சேர்த்துக்கொள்ளலாம், வீணாகாது.

வறுத்த அன்றே வாங்கி அன்றே போட வேண்டாம். புதிதாக வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைந்திருக்கும். வெந்நீர் பட்டால் அது சட்டென்று நுரைத்து வெளியேறிவிடும், குளிர்ந்த நீரில் நத்தை வேகத்தில் வந்து தூளுக்கு நடுவே குமிழியாகத் தங்கும். சொட்டு அந்தக் குமிழிகளைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். நான்கு நாள் முதல் ஒரு வாரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.

தண்ணீர்தான் சென்னைக்காரர்களுக்குப் பெரிய தலைவலி. தரமான காபிக்கு, கரைந்துள்ள உப்புகளின் அளவு லிட்டருக்கு 150 மி.கி. அளவில் இருக்க வேண்டும் என்பது காபித் துறையில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. 75 முதல் 250 வரை பரவாயில்லை என்பார்கள். கடலோரப் பகுதிகளில் பல இடங்களின் போர்வெல் தண்ணீர் இதைவிடப் பல மடங்கு உப்பு. அதில் போட்டால் காபி பாயசத்துக்கு உப்பு போட்ட கதைதான். மறுகோடியில், ஆர்.ஓ. இயந்திரமும் சில கேன் தண்ணீரும் உப்பை அடியோடு துடைத்துவிடுகின்றன. அப்படிப்பட்ட தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும், ஏனென்றால் சுவைப்பொருள்களை இழுத்து வருவதில் கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் பங்குண்டு. கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள். 30, 40 என்று காட்டினால், கொதிக்கவைத்து ஆறவைத்து வடிகட்டிய மெட்ரோ தண்ணீரை அதில் கொஞ்சம் கலந்து நூறுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

ஐஸ் கட்டியும் இதே தண்ணீரில்தான் போட வேண்டும். பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். ஃப்ரீசரில் திறந்து கிடக்கும் டிரே பக்கத்து டப்பாவில் இருக்கும் மீன் வாடையை இழுத்துக்கொள்ளும். ஐஸ் தண்ணீரில் பாதி ஐஸ் என்பதால், காபியில் அந்த வாடை கட்டாயம் தெரியும். மூடியுள்ள டிரே வாங்குங்கள்.

இனி சொட்டுக் கருவி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்து, மூடியில் குழாய் செருகி, அதில் ஒரு வால்வு. இவ்வளவே. வால்வு எங்கே கிடைக்கும் என்றால், கொளத்தூர் வண்ணமீன் கடைகளில். மீன் தொட்டிக்குக் காற்று போகும் மெல்லிய குழாயில் பொருத்தும் சின்னத் திருகு வால்வு சில ரூபாய்தான். குழாயை மட்டும் உணவுக்கு உகந்த சிலிக்கோனாகத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் விற்கும் டிரிப்ஸ் செட்டை வைத்துச் செய்பவர்களும் உண்டு. அதன் உருளைக் கிளாம்ப் சொட்டுக் கணக்கில் அற்புதமாக அடங்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குழாய் உணவுக்காகச் செய்யப்பட்டதல்ல; தண்ணீர் மட்டும்தான் அதில் போகிறது என்றாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால், பள்ளி வேதியியல் கூடத்தில் பார்த்திருப்பீர்களே, அடியில் திருகு வைத்த பிரிபுனல், பாரிமுனைப் பக்கம் ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடைகளில் புதிதாக ஒன்று வாங்கினால் போதும். பாட்டில், குழாய் சமாச்சாரம் எல்லாவற்றையும்விட அது கச்சிதம். பழைய ஆய்வுக்கூடப் பொருளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள்.

பித்தளை ஃபில்டர் வைத்திருப்பவர்கள் உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் மணிக்கணக்கில் காபி தங்கும் இந்த வேலைக்கு அது வேண்டாம், ஸ்டீலே உத்தமம். அகலமும் குட்டையுமான ஃபில்டரைவிட ஒடுக்கமும் உயரமுமானது நல்லது. தூள் படுகை ஆழமாக இருந்தால் ஒவ்வொரு சொட்டும் அதிக தூரம் பயணம் செய்யும்.

அளவு: 60 கிராம் தூள், ஐஸும் தண்ணீருமாக 600 கிராம். ஒன்றுக்குப் பத்து. மேல் பாத்திரத்தின் அடியில் காபி வடிதாளை வட்டமாக வெட்டிப் போடுங்கள், ரவை பதத்திலும் கொஞ்சம் மாவு இருக்கும், அது ஓட்டை வழியே இறங்காமல் இருக்கும். தூளைப் போட்டதும் அழுத்த வேண்டாம். பாத்திரத்தை இரண்டு தட்டு தட்டிச் சமப்படுத்தினால் போதும். அப்புறம் அந்த 600-லிருந்து 90 மி.லி. தண்ணீரை எடுத்து, தூள் முழுவதும் நனையும்படி ஊற்றி, ஸ்பூன் காம்பால் மெதுவாகக் கிளறுங்கள். உள்ளே உலர்ந்த கட்டி ஒன்று இருந்தாலும் தண்ணீர் அதைத் தொடாமல் பக்கத்து ஈர வழியாகவே கடைசிவரை ஓடும். கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். இந்த 90 மி.லி.யை மட்டும் சூடாக ஊற்றினால் வாசனை தூக்கலாக இருக்கும் என்று ஒரு கட்சி உண்டு. செய்து பாருங்கள், பிளாண்டேஷனுக்கு அது பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

நனைந்த தூள்மேல் இன்னொரு வட்ட வடிதாளைப் போட்டு, அதன்மேல் ஃபில்டரின் ஓட்டைத் தட்டை வையுங்கள். இது முக்கியம். ஒரே இடத்தில் நான்கு மணி நேரம் சொட்டு விழுந்தால் அந்த இடத்தில் குழி விழும். நடுவில் உள்ள தூள் முழுவதும் வெளுத்துப்போய், ஓரத்தில் உள்ளது புதிதாகவே கிடக்கும். தாளும் தட்டும் சொட்டைப் பரப்பிவிடும். கஃபேக்களில் உள்ள கண்ணாடிக் கருவியிலும் இதே தாள் வட்டம்தான். தட்டின் நடுத்தண்டில் சொட்டு பட்டுத் தெறிக்காதபடி பாட்டிலைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.

இப்போது வேகம். சாதாரணமாக ஒரு சொட்டு 0.05 மி.லி., அதாவது 20 சொட்டு ஒரு மி.லி. ஒன்றரை நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 40 சொட்டு, 2 மி.லி. மீதமுள்ள 510 மி.லி.யும் இறங்க நாலே கால் மணி நேரம். இந்த வேகத்தில் தொடங்குங்கள். ஆனால் சொட்டின் பருமன் குழாய் முனையைப் பொறுத்து மாறும். கனமான முனை என்றால் ஒன்றரை மடங்கு பெரிய சொட்டும் விழலாம். அதனால் சொட்டை எண்ணுவதோடு நிறுத்தாமல், தூள்மேல் வைக்கும் முன்பு ஒரு டம்ளரில் பத்து நிமிடம் பிடித்து அளந்துவிடுங்கள். 20 மி.லி. வந்தால் சரி.

ஒருமுறை வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், வேகம் தானாக மாறும். பாட்டிலில் தண்ணீர் மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து சொட்டு மந்தமாகும். இது எல்லா ஊருக்கும் பொது. நம் ஊருக்கென்று எதிர்ப்பக்கமாக இழுக்கும் இன்னொன்றும் உண்டு. பூஜ்ய டிகிரியில் தண்ணீருக்குள்ள பிசுக்குமை, அதாவது ஓடத் தயங்கும் குணம், 30 டிகிரியில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஐஸ் உள்ளவரை வால்வு வழியாகத் தண்ணீர் தயங்கித் தயங்கி வரும். சித்திரை வெயிலில் ஐஸ் கரைந்து தண்ணீர் சூடேறியதும் அதே திருகில் சொட்டு வேகமெடுக்கும். இரண்டில் எது ஜெயிக்கும் என்பது அன்றைய வெயிலைப் பொறுத்தது. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துத் திருகைச் சரிசெய்வதுதான் வழி. கரையக் கரைய ஐஸ் சேர்த்தாலும் மொத்தம் 600-ஐத் தாண்டக் கூடாது, எனவே முதலிலேயே 300 கிராம் ஐஸை நிறுத்துத் தனியே ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு இரண்டு தவணையாகப் போடுங்கள்.

சென்னை வெயிலில் இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விழும் சொட்டு ஐஸ் குளிர்ச்சியாக இருந்தாலும், நிமிடத்துக்கு 2 மி.லி. தண்ணீரால் அந்தத் தூள் படுகையையும் ஸ்டீல் பாத்திரத்தையும் குளிரவைக்க முடியாது. வெளியே 36 டிகிரி என்றால் படுகை நடுவாந்தரமான வெதுவெதுப்பில்தான் இருக்கும். அந்த வெப்பத்தில் நான்கு மணி நேரம் என்பது சுவைக்கும் நல்லதல்ல, சுத்தத்துக்கும் நல்லதல்ல. மருந்தோ மீனோ வந்த தெர்மாகோல் பெட்டி இருந்தால் (மீன் பெட்டி என்றால் நன்றாகக் கழுவியபின்), ஃபில்டரை அதற்குள் வைத்துச் சுற்றிலும் ஐஸ் பாக்கெட் அடுக்கி, மூடியில் துளை போட்டுச் சொட்டுக் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். பார்க்க லட்சணமாக இருக்காது. வேலை செய்யும். ஈரத்துணி சுற்றுவதெல்லாம் நம் ஊர்ப் புழுக்கத்தில் பெரிதாக உதவாது, காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது துணி எங்கே உலர்ந்து குளிர்ச்சி தரப்போகிறது? மார்கழி, தை மாதத்தில் இந்த வம்பு எதுவும் வேண்டாம். திறந்தவெளியிலேயே அழகாக இறங்கும்.

படுகைக்கு மேல் தண்ணீர் குளம் கட்டினால் தூள் பொடியாகிவிட்டது அல்லது வேகம் அதிகம். முதலில் வேகத்தைக் குறையுங்கள். அடுத்த முறை தூளை மாற்றுங்கள். நடுவில் கிளறாதீர்கள், மாவு கீழே போய் உட்கார்ந்து மொத்தமாக அடைத்துவிடும். 60 கிராம் தூள் 120 மி.லி. அளவு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆகவே கிடைப்பது 480 மி.லி. அதற்கு மேல் தண்ணீர் விட்டு ஆசைப்பட வேண்டாம், கடைசியில் வருவது மரத்தூள் ஊறிய தண்ணீர்தான். முதலில் வருவது தேன் நிறத்தைத் தாண்டிக் கருஞ்சிவப்பாக, மிக அடர்த்தியாக இருக்கும். கடைசிச் சொட்டுகள் வெளிறியிருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிவிட்டுத்தான் ருசி பார்க்க வேண்டும்.

உடனே குடிக்கலாம், ஆனால் கண்ணாடி பாட்டிலில் மூடி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்துப் பாருங்கள். முனைகள் மழுங்கி, சுவை ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கும். புளித்து மெலிந்திருந்தால் அடுத்த முறை வேகத்தைக் குறையுங்கள், நிமிடத்துக்கு ஒன்றரை மி.லி. என்று. கசப்பும் மரவாடையும் இருந்தால் வேகத்தைக் கூட்டுங்கள் அல்லது இன்னும் கொரகொரப்பாக அரையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

சர்க்கரை வேண்டுமென்றால் அப்படியே போடாதீர்கள், அடியில் தங்கும். சம அளவு தண்ணீரில் கரைத்த நீர்த்த பாகாக ஊற்றுங்கள். பனங்கற்கண்டுப் பாகு இதற்கு நன்றாகச் சேர்கிறது. நாட்டுச் சர்க்கரை காபியின் மெல்லிய வாசனையை அமுக்கிவிடுகிறது. இளநீரோடு சம பாகமாகக் கலந்து குடிப்பது இப்போது கஃபேக்களில் பழகிவிட்டது, அதைக் கேலி செய்யத் தோன்றலாம், குடித்தபின் தோன்றாது. வழுக்கை இல்லாத, இனிப்பான இளநீராகப் பார்த்து வாங்குங்கள். நன்னாரி சர்பத்தும் கலந்து பார்த்தவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை.

பால்? வேண்டாம் என்பதே என் பதில். இவ்வளவு பாடுபட்டு எடுத்த மெல்லிய வாசனையை 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சை ஆவின் பால் ஒரே வாயில் விழுங்கிவிடும். குளிர்ந்த பால் காபிதான் வேண்டும் என்றால் அதற்குக் கோல்ட் டிரிப் தேவையே இல்லை. உங்கள் எண்பது-இருபதில் வெந்நீர் ஊற்றிக் கெட்டியாக முதல் டிகாஷன் இறக்கி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வையுங்கள். காய்ச்சி ஆடை எடுத்த பாலையும் தனியே குளிரவையுங்கள். குடிக்கும்போது இரண்டையும் பாகோடு சேர்த்து ஆற்றுங்கள். சிக்கரியின் திட்பம் அங்கே பாலுக்கு ஈடுகொடுக்கும்.

பெரியவர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குளிர்ந்த முறையில் எடுத்தால் அசிடிட்டி வராது என்று பரவலாகச் சொல்கிறார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் சூடான காபியையும் ஊறவைத்த கோல்ட் புரூவையும் ஒப்பிட்டபோது அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே, 4.85-க்கும் 5.13-க்கும் இடையில் இருந்தது. மொத்த அமிலத்தின் அளவு சூடான காபியில் அதிகம் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே நாக்குக்குப் புளிப்புக் குறைவாகத் தெரியலாம். வயிற்றுப்புண் உள்ளவருக்கு இது மருந்தல்ல.

காஃபீன் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அது குளிர்ந்த தண்ணீரிலும் தாராளமாகக் கரையும். அராபிகாவில் சுமார் 1.2 சதவீதம் என்றால் 60 கிராமில் 720 மி.கி. அதில் ஐந்தில் நான்கு பங்கு வந்தாலும் நமது 480 மி.லி.யில், 100 மி.லி.க்கு 120 மி.கி. ரோபஸ்டா என்றால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. நல்ல உடல்நிலையுள்ள, வயதுவந்த எவருக்கும் நாளுக்கு 400 மி.கி. வரை, கருவுற்றவர்களுக்கு 200 மி.கி. வரை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது. கசப்பில்லாமல் சர்பத் மாதிரி இறங்குவதால் பெரிய டம்ளர் நிறையக் குடிக்கத் தோன்றும், அங்கேதான் ஆபத்து. ஐஸோடு 100 மி.லி. போதும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அவருடைய மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் கொடுத்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று அவர்கள் சொன்னால் அது உங்கள் கணக்கில்தான் வரும்.

எத்தனை நாள் தாங்கும்? டிகாஷன் என்றால் கொதிநீர் பட்டுக் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். இதில் அந்தக் கட்டமே கிடையாது, அமிலமும் கிருமிகளைத் தடுக்கும் அளவுக்கு இல்லை. அதனால் பாட்டில், குழாய், வால்வு, ஃபில்டர் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிநீர் ஊற்றிக் காயவைக்க வேண்டும், வெந்நீர் தாங்காத பிளாஸ்டிக் பாட்டிலை இரண்டு மூன்று தடவையோடு மாற்றிவிட வேண்டும். குழாய்க்குள் வழுவழுப்பு தெரிந்தால் அதையும் தூக்கிப் போடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே, ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்தட்டில் வைத்தால் நான்கு நாள் நன்றாக இருக்கும். அதற்குள் தீராது என்று தெரிந்தால் இரண்டாம் நாளே ஐஸ் டிரேயில் ஊற்றிக் கட்டியாக்கிவிடுங்கள். அடுத்த முறை காபிக்கு சாதா ஐஸ் போட்டு நீர்க்கவிடாமல் இந்தக் கட்டிகளைப் போட்டுக் குடிக்கலாம்.